வரலாமா சார்

போலீஸ் ஸ்டேஷனுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் கழற்றினோம். படிக்குக் கீழே எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு, வெளியிலிருந்தே "சார், வரலாமா?" என்று குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து "வாங்க, வாங்க" என்று பதில் வந்த பிறகுதான் படியேறுவோம். அடுத்தவர் வீட்டுக்கு அப்படித்தானே போகிறோம்? அதே மரியாதை. அந்த மரியாதையில் இடி விழ.

நாங்கள் என்றால் கமிட்டி. காவல் நிலையப் பொதுமக்கள் பார்வையாளர் குழு. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துவிடுவேன். எங்கேயோ ஓர் ஊரில் விசாரணைக்குப் போனவன் பிணமாகத் திரும்பி வந்தான். சனம் ரோட்டுக்கு வந்து கத்திய பிறகு, பொதுமக்களே அவ்வப்போது போய்ப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். உள்ளே யாரை வைத்திருக்கிறார்கள், அடித்தார்களா, சோறு போட்டார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் ஒரு பஸ் ஸ்டாண்டும் நாலு தெருவும்தான் எங்கள் ஊர். அதில் ஐந்து பேரைப் பிடித்துக் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார்கள். நான் தமிழ்ச்செல்வி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். வாய் ஜாஸ்தி என்று பேர் எடுத்தவள். அதற்காகவே என்னைச் சேர்த்தார்களோ என்னவோ.

தலைவர் ராஜமாணிக்கம் மாமா. எனக்குச் சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. ஹார்டுவேர் கடைக்காரர். சிதம்பரம் தெற்கு வீதியில் வாங்கிய தோல் செருப்புதான் போடுவார். நடந்தால் அது கிறீச் கிறீச் என்று கத்தும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே கடை ஆட்கள் செல்போனை உள்ளே வைத்துவிட்டு ஆணி நிறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "கொஞ்சம் எண்ணெய் போடுங்க மாமா" என்றால், "நாம வர்றது நாலு பேருக்குத் தெரியட்டுமேம்மா. திருட்டுத்தனமாவா வர்றோம்?" என்பார். நல்ல மனுஷன். கோபமே வராது. கோபமே வராத மனுஷரை நம்பி ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்குக் காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வினோதினி வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் புருஷன் சிங்காரம் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். பிச்சாவரம் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போவான், இறால் ஏற்றிக்கொண்டு வருவான்.

"அக்கா, நேத்து மத்தியானம் கூட்டிக்கிட்டுப் போனாங்கக்கா. ஒரு பண்ணையில மோட்டாரு காணாமப் போச்சாம். அன்னைக்கு அந்தப் பக்கம் இவரு வண்டி நின்னுதாம். அவ்வளவுதான். வண்டி நிக்காம எப்புடிக்கா ஐஸ் எறக்குவாரு?"

"பாத்தியா அவன?"

"உள்ளயே வுடலக்கா. நீங்கல்லாம் கேட்டா காட்டுவாங்கன்னு சொன்னாங்க. அவர உயிரோட வெளிய கொண்டாந்து குடுத்துடுங்கக்கா."

நான் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல ஸ்டேஷன் படிக்குக் கீழே செருப்புகளைக் கழற்றினோம். மாமா தன்னுடையதை மட்டும் குனிந்து ஜோடி சேர்த்து வைத்தார். "சார், வரலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் சார், ஐயா போன்ல இருக்காரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெறுங்காலோடு வெயிலில் நின்றோம். பிறகு "வாங்க, வாங்க" என்றார்கள்.

எஸ்.ஐ. ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்று கும்பிட்டார். சின்ன வயசு, மெதுவான பேச்சு, எல்லோருக்கும் நாற்காலி போடச் சொல்லுவார். சிங்காரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தண்ணீர் தொட்டுச் சீவிய தலை. கையில் டீ கிளாஸ்.

"தம்பி, யாராச்சும் அடிச்சாங்களா?" என்று மாமா கேட்டார்.

"இல்லீங்க."

"சாப்ட்டியா?"

"ஆச்சுங்க."

மாமா தலையாட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சிங்காரம் கிளாஸை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். டீயில் ஆடை படிந்து கிடந்தது.

"டீயக் குடியேன் சிங்காரம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், அப்புறம் எஸ்.ஐ.யைப் பார்த்தான். குடிக்கவில்லை.

"சூடா இருக்குது போல மேடம்" என்று எஸ்.ஐ. சிரித்தார்.

"ஆடை கட்டிக் கெடக்குது. இதுவா சூடு? சரி, கேமராவுல என்னா பதிஞ்சிருக்குன்னு காட்டுங்க."

"கேமரா ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்."

எங்கள் ஊர் ஸ்டேஷன் கேமரா மாதிரி அடிக்கடி ரிப்பேருக்குப் போகிற சாமான் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா "செல்வி" என்று அடக்கினார். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நாங்கள் மாமா கடை முனைக்கு வந்து சேர்வதற்குள் பின்னாலேயே வினோதினி ஓடிவந்தாள்.

"இன்னா சொன்னாருக்கா?"

"அடிக்கலன்னு சொல்றான்மா" என்றார் மாமா.

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஸ்டேஷனுக்குப் பின்னாடி சந்துல, செவுத்து ஓரமா நின்னேன் மாமா. உள்ள அவரு அலறுனாரு. அம்மா அம்மான்னு அலறுனாரு. நீங்க 'சார், வரலாமா'ன்னு கொரலு குடுத்தீங்க பாருங்க, டக்குனு நின்னுபோச்சு. அப்பறம் கொழாத் தண்ணி தொறந்த சத்தம் கேட்டுது."

இவ்வளவு நாளும் நாங்கள் போய்ப் பார்த்த ஆட்கள் எல்லோரும் தலை சீவித்தான் இருந்தார்கள். எல்லோர் கையிலும் டீ இருந்தது.

"நாமதான் மாமா மணியடிச்சுட்டுப் போயிருக்கோம்" என்றேன்.

"அதுக்காக? கேக்காம கொள்ளாம ஒரு எடத்துல பூந்துட முடியுமா? ஆபீசரு இருக்குற எடம்மா."

"அந்த ஆபீசரு பூட்ஸோடதான மாமா மிதிக்கிறான்? நமக்கு என்னாத்துக்கு வெறுங்காலு?"

"பொறு செல்வி. மேலிடத்துக்கு எழுதிப் போடுவோம்."

"எழுதிப் போட்டு பதிலு வர்றதுக்குள்ள இவ தாலி அறுந்துடும்!"

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி கோபம். கமிட்டி வந்தாயிற்று, பார்த்தாயிற்று, போயாயிற்று. இனிமேல் இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நான் திரும்பி நடந்தேன். மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார். காதில் வாங்கவில்லை.

படிக்குக் கீழே நிற்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. செருப்போடு ஏறினேன். வாசலில் நின்ற காவலர், நான் எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், வழி விட்டார். பெஞ்சு காலியாக இருந்தது. டீ கிளாஸ் மட்டும் அப்படியே இருந்தது. பின்னால், பிடித்துவந்த பைக்குகளை வரிசையாக நிறுத்திவைக்கும் அறையின் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தள்ளினேன்.

முதலில் கண்ணில் பட்டது அந்தச் சட்டைதான். கசங்காமல் ஒரு பைக் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்று.

சிங்காரம் குப்புறக் கிடந்தான். இடுப்பில் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் பைப்பால் உள்ளங்காலில் விளாசிக்கொண்டிருந்தார். வாயில் துணி. முதுகில் தோல் உரிந்து சதை தெரிந்தது. ஒரு காதிலிருந்து ரத்தம் ஒழுகித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. எஸ்.ஐ. அவனுடைய வலது கையைப் பூட்ஸால் மிதித்து, பீடியை அணைப்பது மாதிரித் திருகிக்கொண்டிருந்தார். விரல்கள் கறுத்து, நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது.

"ஸ்டீரிங் புடிக்கிற கையா, மோட்டாரு தூக்குற கையா? சொல்லுப்பா" என்றார். அதே மெதுவான குரல். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்ன குரல்.

செருப்பால் அடிப்பேன் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் அளவு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். சொல்லுவதோடு சரி. அன்றைக்குக் கழற்றிக் கையில் எடுத்தேன். எஸ்.ஐ. திரும்புவதற்குள் கன்னத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவர் பின்னால் சாய, பைக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நிமிஷம் ஒரு கை என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியது. அடிவயிற்றில் ஒரு பூட்ஸ் இறங்கியது. சுருண்டு விழுந்தேன். தடுக்கப் போன இடது கைச் சுண்டுவிரல் மடக்கென்று ஒடிந்து பின்பக்கம் திரும்பிக்கொண்டது. கதவைச் சாத்தினார்கள்.

எஸ்.ஐ. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ பண்ணது எனக்கு நல்லதாப் போச்சு. நீயா உள்ள பூந்து கலாட்டா பண்ண. பைக்கு சரிஞ்சு அவன் மேல வுழுந்துது. இதான் நடந்துது. உன் கமிட்டிக்காரங்க உன்னத் தேடி வருவாங்கல்ல? அவங்ககிட்ட நீயே சொல்ற."

"அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கடா. செத்துடுவான்."

"நீ சொல்லிட்டீன்னா கொண்டுபோறேன். சொல்லலன்னா அவன் செத்தாலும் உன்னாலதான்." அவர் கதவுப் பக்கம் பார்த்து, "மாலதி!" என்று கூப்பிட்டார்.

மாலதி பெண் காவலர். என் கடை வாடிக்கைக்காரி. ஜாக்கெட் கையை மட்டும் கொஞ்சம் தளர்வாகத் தைக்கச் சொல்லுவாள், கையைத் தூக்கும்போது பிடிக்கிறதாம். எதற்காகத் தூக்குகிறாள் என்று நான் கேட்டதில்லை. என் ஒரு செருப்பு பைக்குகளுக்கு அடியில் போய்விட்டது. இன்னொன்றை மாலதியே காலிலிருந்து உருவி எறிந்தாள். என் கண்ணைப் பார்க்காமல், என் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு காவலரிடம் சொல்லிவிட்டு லத்தியை ஓங்கினாள்.

முதல் இரண்டு அடி பலமாக விழவில்லை. "என்னம்மா, கொசு அடிக்கிறியா?" என்றார் எஸ்.ஐ. அப்புறம் விழுந்தது. உள்ளங்காலில் விழுகிற அடி காலோடு நிற்காது. ஒவ்வொன்றும் மண்டைக்குள் போய் இடித்தது. கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நடுவில் என்னை அறியாமல் புடவை நனைந்தது. ஊரில் எனக்கு இருந்த வாயெல்லாம் எங்கே போனதோ, "வுட்டுடு மாலதி, வுட்டுடு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பயந்தேன். சொல்லிவிடலாம், பைக் விழுந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்தில் சிங்காரம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரிச் சத்தம். வர வர ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் சொல்லிவிட்டால் இவன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், மூலையில் மடித்துக் கிடந்த தார்ப்பாய்க்கு அடியில்தான் போவான் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது வெளியே அந்தச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச்.

வினோதினி போய் அழைத்துவந்திருக்கிறாள். கிறீச் கிறீச்சென்று நெருங்கி வந்து, படிக்குக் கீழே நின்றுபோனது.

"சார், வரலாமா?"

பாவி மனுஷா! இப்போதுமா கேட்கிறாய்?

அந்த இரண்டு வார்த்தைக்கு உள்ளே என்ன நடக்கும் என்று நான் முதன்முதலாகப் பார்த்தேன். மாலதி லத்தியை பீரோவுக்குப் பின்னால் சொருகினாள். தேடவே இல்லை, கை தானாகப் போனது. ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தாள், முடியை அள்ளிக் கொண்டை போட்டாள், புடவைத் தலைப்பால் ஒடிந்த விரலை மூடினாள். ஒருவர் குழாயைத் திறந்து தரையை அலசினார். இன்னொருவர் சிங்காரத்தைக் காலைப் பிடித்துப் பைக்குகளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுத் தார்ப்பாயை விரித்தார். யாரும் பதறவில்லை. பந்தியில் எச்சில் இலை எடுக்கிற ஆட்கள் மாதிரி அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம் சார், போன்ல இருக்கேன்" என்று எஸ்.ஐ. குரல் கொடுத்தார்.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கையில் எதையோ திணித்தார்கள். டீ கிளாஸ். விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"பைக்கு வுழுந்துது. அவன இப்பதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். அவ்வளவுதான்" என்று எஸ்.ஐ. என் காதருகே சொன்னார். பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்க சார், வாங்க!" என்றார்.

பெஞ்சிலிருந்து வாசல் நேராகத் தெரிந்தது. மாமா குனிந்து ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் மற்ற மூவரும் வினோதினியும். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. செல்வி நன்றாகத்தான் இருக்கிறாள், உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

கிளாஸைத் தரையில் வீசி அடித்தேன்.

"மாமா! செருப்பக் கழட்டாதீங்க! எதையும் கேக்காதீங்க! சிங்காரம் உள்ள ரூம்ல சாவறான். செருப்போட உள்ள வாங்க மாமா!"

என் கன்னத்தில் மாலதியின் அறை விழுந்தது. விழுந்த அறையை மாமா பார்த்தார். பெஞ்சுக்குக் கீழே வீங்கிக் கிடந்த என் பாதங்களையும் பார்த்தார்.

"மேடத்துக்கு அதிர்ச்சி சார். பைக்கு வுழுந்துடுச்சு" என்றார் எஸ்.ஐ. வாசல் காவலர் இரண்டு கையையும் குறுக்கே நீட்டிக்கொண்டு, "செருப்ப வுட்டுட்டு ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

மாமா அந்த ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டார். காலை நுழைத்தார். படியேறினார்.

கிறீச்.

காவலர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மாமா தள்ளாடிவிட்டு மறுபடியும் ஏறினார். லத்தி ஒன்று அவர் தோளில் இறங்கியது. சட்டை கிழிந்து பொத்தான்கள் தெறித்தன. அடுத்த அடி நெற்றியில். புருவம் பிளந்து ரத்தம் வெள்ளை வேட்டியில் சொட்டியது. அறுபது வயசு மனுஷன், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. லத்தியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்த ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே நடந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே நுழைந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. மாமா என்னைத் தாண்டினார், எஸ்.ஐ. மேஜையைத் தாண்டினார். யாராச்சும் அடிச்சாங்களா என்று யாரிடமும் கேட்கவில்லை. கிறீச் கிறீச்சென்று போய், பின்னறைக் கதவை எட்டி உதைத்தார்.

வினோதினி அவரை முந்திக்கொண்டு ஓடினாள். தார்ப்பாய் சரசரத்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் மூச்சை அடக்கியதில்லை.

"இருக்குது!" என்று வினோதினி கத்தினாள். "மூச்சு இருக்குது மாமா! தூக்குங்க, தூக்குங்க!"

நான் சத்தம் போட்டு அழுதேன். அவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையை மாமா தாங்கியிருந்தார். அந்த வலது கை கையாகவே இல்லை, துணியில் சுற்றி அவன் மார்மேல் வைத்திருந்தார்கள். பின்னறையிலிருந்து வாசல்வரை, அலசிவிட்ட தரையில் மாமாவின் செருப்புத் தடம் சிவப்பாக விழுந்துகொண்டே வந்தது. என்னை யாரோ தோளில் தாங்கிக்கொண்டார்கள்.

வாசலில் எஸ்.ஐ. வழியை மறித்தார். இப்போது அந்த மெதுவான குரல் இல்லை.

"யாரக் கேட்டுய்யா உள்ள வந்தீங்க?"

மாமா நிற்கவில்லை. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "யாரையும் கேக்கலப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.